பறக்கும் தட்டைக் கண்டவரிடம் என்ன கேட்பது?
ஒன்பதாம் வகுப்பில் ஒரு நேர்காணல் பாடம்

நேர்காணல் எழுதச் சொன்னால் நம் மாணவர்கள் எழுதிவருவது பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். "உங்கள் இளமைக்காலம் பற்றிச் சொல்லுங்கள்", "உங்கள் வெற்றிக்குக் காரணம் என்ன?", "இளைய தலைமுறைக்கு நீங்கள் கூற விரும்புவது என்ன?" இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு மருத்துவர், கபடி வீரர், ஊராட்சித் தலைவர் என்று யாரையும் பேட்டி எடுத்துவிடலாம். வந்த பதிலைக் கேட்டு, அதிலிருந்து பிறக்கும் அடுத்த கேள்வி ஒன்றுகூட இருக்காது. கேட்டல், பேசுதல் திறன்களில் நாம் எதிர்பார்ப்பதோ அந்த அடுத்த கேள்வியைத்தான்.

அதற்குப் பாராட்டி அனுப்ப முடியாத விருந்தினர் ஒருவர் வேண்டும். சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது, "பொய்" என்று எழுந்து போகவும் முடியாது. அப்படி ஒருவரைத் தேடியபோது எனக்குக் கிடைத்தவர், வானத்தில் பறக்கும் தட்டைக் கண்டதாகச் சொல்பவர். நம் ஊர்ச் சாதி, சமயம், கட்சி எதுவும் இதற்குள் வராது. யார் மனமும் புண்படாது. மாணவர்களுக்கோ கொள்ளை ஆர்வம். தொலைக்காட்சி நெறியாளர் இத்தகைய விருந்தினரை எப்படிப் பேட்டி எடுக்க வேண்டும் என்பதை நான்கு பாடவேளைகளில் செய்து பார்த்தோம். தமிழ்ப் பாடத்தில் தொடங்கினாலும் அறிவியல், கணக்கு ஆசிரியர்களும் ஆளுக்கொரு பாடவேளை தந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஒரு சொல் பிறந்த கதை

முதல் பாடவேளையை ஒரு சொல்லில் தொடங்கினேன். "பறக்கும் தட்டு" என்கிறோமே, அது ஏன் தட்டு? பறக்கும் பானையாகவோ பறக்கும் முறமாகவோ ஏன் இல்லை?

1947 ஜூன் 24 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ரெய்னியர் மலைக்கு அருகே தனியார் விமானி கென்னத் ஆர்னால்டு தம் சிறு விமானத்தில் பறந்துகொண்டிருந்தார். ஒளிரும் ஒன்பது பொருள்கள் வரிசையாகச் செல்வதைக் கண்டதாக அவர் செய்தியாளர்களிடம் கூறினார். சில நாள்களில் அமெரிக்க நாளிதழ்கள் முழுவதும் "பறக்கும் தட்டு" என்ற சொல் பரவியது. அதன்பின் நூற்றுக்கணக்கானோர் தட்டுகளைக் கண்டதாகச் சொல்லத் தொடங்கினார்கள்.

1950இல் வானொலி செய்தியாளர் எட்வர்டு மரோ, ஆர்னால்டைத் தொலைபேசியில் பேட்டி கண்டார். செய்தித்தாள்கள் தம்மைத் தவறாக எழுதிவிட்டன என்று ஆர்னால்டு அப்போது விளக்கினார். தண்ணீர்ப் பரப்பின்மீது தட்டை வீசினால் அது எப்படித் தத்தித் தத்திச் செல்லுமோ அப்படி அவை சென்றன என்பதே தாம் சொன்னது என்றார். அதாவது, அவர் உவமையாகச் சொன்னது அசைவை. செய்தி ஆனது வடிவம்.

குளத்தில் ஓட்டாஞ்சில்லு விட்டுப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்குகிறது. உவமையில் பொதுத்தன்மை எது என்று இலக்கணத்தில் நடத்துகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை. "தட்டு மாதிரி" என்று விருந்தினர் சொன்னவுடன், "எது தட்டு மாதிரி, வடிவமா, போன விதமா?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஓர் உலகச் சொல்லே வேறாக இருந்திருக்கலாம். வகுப்பு கற்ற முதல் விதி இதுதான்: விருந்தினர் உவமை சொன்னால், உவமையைப் பிரித்துக் கேள்.

இரண்டு நெறியாளர்கள்

அடுத்து, மேசையின் இருபுறமும் இரண்டு நாற்காலிகள். ஒரு மாணவர் விருந்தினர். "நேற்று இரவு மொட்டை மாடியில் ஒளி ஒன்றைப் பார்த்தேன், அது சத்தமில்லாமல் நின்றது, பிறகு மறைந்தது" என்பது மட்டும் அவருக்குத் தரப்பட்ட செய்தி. இரண்டு நெறியாளர்கள் தனித்தனியே அவரைப் பேட்டி எடுத்தார்கள். ஒவ்வொருவருக்கும் நான் இரகசியமாக ஒரு சீட்டு கொடுத்திருந்தேன்.

முதல் சீட்டில் "கேலி செய்" என்றிருந்தது. "அண்ணே, சாப்பிட்டதும் பார்த்தீங்களா, சாப்பிடாம பார்த்தீங்களா?" என்று நெறியாளர் தொடங்கியதும் வகுப்பு சிரித்தது. மூன்றாவது கேள்வியில் விருந்தினர் பேச்சைச் சுருக்கிக்கொண்டார். ஐந்தாவது கேள்வியில், "நான் பார்த்தது பார்த்ததுதான், நீங்க நம்பினா நம்புங்க" என்று கையைக் கட்டிக்கொண்டார். என்ன நேரம், எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்ற எதுவும் வெளியே வரவில்லை.

இரண்டாவது சீட்டில் "எல்லாவற்றுக்கும் தலையாட்டு" என்றிருந்தது. "ஆஹா! அப்போ அந்த வேற்றுக்கிரக விமானம் உங்க வீட்டுக்கு நேரா வந்து நின்னிருக்கு, இல்லையா?" என்றார் நெறியாளர். விருந்தினர் சற்றுத் தயங்கி, "ஆமா" என்றார். "உள்ளே யாராவது இருந்தாங்களா?" "நிழல் மாதிரி ஏதோ தெரிஞ்சது." ஐந்து நிமிடத்தில் ஓர் ஒளி விமானமாகி, விமானத்துக்குள் ஆளும் வந்துவிட்டார்.

பிறகு இரண்டு பேட்டிகளையும் பற்றி வகுப்பில் பேசினோம். "விமானம்" என்ற சொல்லை முதலில் சொன்னவர் யார்? விருந்தினரா, நெறியாளரா? இதைக் குறித்துவைக்க நான்கு மாணவர்களை முன்கூட்டியே நோக்கர்களாக அமர்த்தியிருந்தேன். அவர்கள் குறிப்பேட்டில் நெறியாளர் தாமாகச் சேர்த்த சொற்கள் ஏழு இருந்தன. கேலி செய்தவரிடம் விருந்தினர் வாயை மூடிக்கொண்டார்; தலையாட்டியவர் விருந்தினரின் வாயில் தம் சொற்களையே வைத்துவிட்டார். விருந்தினர் உண்மையில் கண்டது என்ன என்பது இரண்டு பேட்டியிலும் பார்ப்பவருக்குத் தெரியாமலே போயிற்று.

கண்டது, கேட்டது, கருதியது

நம் தருக்க மரபு அறிவு வரும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என்று பிரிக்கிறது. மணிமேகலையிலும் அளவைகளைப் பற்றி விரிவாகப் பேசும் பகுதி உண்டு. இந்தப் பிரிவையே மாணவர் மொழியில் கரும்பலகையில் மூன்று கட்டங்களாகப் போட்டேன்: கண்டது, கேட்டது, கருதியது. விருந்தினர் சொல்லும் ஒவ்வொரு வாக்கியமும் எந்தக் கட்டத்தில் விழும் என்று பார்ப்பதே நெறியாளரின் வேலை. எந்தக் கட்டம் என்று தெரிந்தால் என்ன கேட்பது என்றும் தெரிந்துவிடும். அதன்படி விருந்தினர்களை மூன்று வகையாக்கினோம்.

முதல் வகை, தாமே கண்டவர். ஆர்னால்டு இந்த வகை. இவரிடம் கேட்கவேண்டியது "அது என்ன?" என்பதன்று, அதற்கான விடை அவர் கருதியது மட்டுமே. எங்கே நின்றீர்கள், எந்தத் திசை, எத்தனை மணி, எவ்வளவு நேரம், கையை நீட்டிப் பார்த்தால் கட்டைவிரல் நகத்தைவிடப் பெரியதா சிறியதா, மேகத்துக்கு முன்னாலா பின்னாலா, உடன் யார் இருந்தார்கள் என்று கேட்க வேண்டும். ரெய்னியர் மலையிலிருந்து ஆடம்ஸ் மலை வரை அவை செல்ல 1 நிமிடம் 42 விநாடி ஆனதாக ஆர்னால்டு தம் விமானத்தின் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்திருந்தார். இரு மலைகளுக்கும் இடையே ஏறத்தாழ 75 கிலோமீட்டர். கணக்குப் பாடவேளையில் மாணவர்கள் வேகத்தைக் கண்டார்கள்: மணிக்கு 2,600 கிலோமீட்டருக்கு மேல். ஒலியின் வேகத்தை மனிதன் ஓட்டிய விமானம் மட்டப் பறத்தலில் தாண்டியது அதே ஆண்டு அக்டோபரில்தான். எனவே இது வியப்பான எண். ஆனால் இந்த எண், அவை மலைத்தொடரை ஒட்டிச் சென்றன என்ற மதிப்பீட்டின்மேல் நிற்கிறது. அவை விமானிக்கு இன்னும் அருகில், பாதித் தொலைவில் சென்றிருந்தால், கடந்த தூரமும் பாதி, வேகமும் பாதி. கடிகாரம் காட்டியது கண்டது, தொலைவு கருதியது. இதை ஒரு முக்கோணம் வரைந்து மாணவர்களே கண்டுபிடித்தார்கள்.

இரண்டாம் வகை, பிறர் சொல்லக் கேட்டவர். 2023 ஜூலை 26 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன், விமானப்படையின் முன்னாள் உளவுப்பிரிவு அதிகாரி டேவிட் கிரஷ் உறுதிமொழி எடுத்துச் சாட்சி கூறினார். விழுந்த வேற்று விமானங்களை மீட்கும் திட்டம் ஒன்று பல பத்தாண்டுகளாக இரகசியமாக நடக்கிறது என்பது அவர் கூற்று. நாற்பதுக்கும் மேற்பட்டோரிடம் நான்கு ஆண்டுகள் பேசி அறிந்ததாக அவரே கூறினார். பதவி உயர்ந்தது, உறுதிமொழியும் எடுத்தாயிற்று. ஆனாலும் அவர் சொன்னவற்றில் முக்கியமானவை "கேட்டது" என்ற கட்டத்தில்தான் விழுகின்றன. இத்தகையவரிடம் நெறியாளர் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. உங்களிடம் சொன்னவர்களில் நேரில் கண்டவர் எத்தனை பேர்? அவர்கள் ஒருவரை ஒருவர் அறிந்தவர்களா? ஆவணம் ஏதேனும் உங்கள் கைக்கு வந்ததா? வெளியிட முடியாது என்றால், யார் பார்த்துச் சரிபார்க்கலாம்? அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அலுவலகம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, அத்தகைய திட்டம் இருந்ததற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்றது. நல்ல நெறியாளர் இதையும் விருந்தினர் முன் வைத்து, அவருடைய பதிலை முழுமையாகச் சொல்ல விடுவார்.

மூன்றாம் வகை, பொருளைக் கொண்டுவந்து காட்டுபவர். 2023 செப்டம்பரில் மெக்சிகோ நாடாளுமன்றத்தில் ஹைமே மௌசான் என்ற ஊடகவியலாளர் இரண்டு சிறிய உடல்களைப் பெட்டியில் வைத்துக் காட்டினார். பெரு நாட்டில் கிடைத்தவை, மனித இனத்தைச் சேராதவை, பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட்டவை என்றார். மெக்சிகோ தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகம் உடனே விளக்கம் தந்தது. தன் ஆய்வகம் 2017இல் தன்னிடம் கொடுக்கப்பட்ட மாதிரிகளின் வயதைக் கார்பன் முறையில் கணித்தது மட்டுமே. அவை எந்த உயிரியினுடையவை என்பது பற்றி எந்த முடிவும் கூறவில்லை என்றது. ஆகவே "ஆய்வகம் சோதித்துவிட்டது" என்று விருந்தினர் சொன்னால் கேட்கவேண்டியது: எந்த ஆய்வகம்? எதைச் சோதித்தது? எந்தக் கேள்விக்கு விடை தேடியது? மாதிரியை எடுத்துக் கொடுத்தவர் யார்? "பத்து நாளில் சர்க்கரை நோய் குணமாகும், ஆய்வில் நிரூபிக்கப்பட்டது" என்று விளம்பரம் பார்க்கும் வீடுகளிலிருந்துதான் நம் மாணவர்கள் வருகிறார்கள். இந்த நான்கு கேள்விகளும் வீட்டுக்கும் போகும்.

"அடையாளம் தெரியவில்லை" என்றால்?

அறிவியல் பாடவேளை முழுவதும் இந்த ஒரு தொடருக்கே போயிற்று. அமெரிக்க விமானப்படை 1952 முதல் 1969 வரை "புளூ புக்" என்ற திட்டத்தில் இத்தகைய 12,618 செய்திகளைத் தொகுத்தது. 701 மட்டும் விளக்கம் காணாமல் நின்றன. சதவீதம் கண்டால் 5.6 அளவில் வருகிறது. "அப்போ 701 தட்டு வந்திருக்கு!" என்றான் ஒரு மாணவன். அதற்கு இன்னொரு மாணவி சொன்ன பதில்: "பரீட்சையில நான் எழுதாம விட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியலைன்னுதான் அர்த்தம். விடையே வேற கிரகத்துல இருக்குன்னு அர்த்தமா?"

விளக்கம் கிடைத்தவற்றையும் பார்த்தோம். அமெரிக்கக் கடற்படை விமானம் 2015இல் எடுத்த காணொளி ஒன்றில், ஒரு பொருள் கடல்மீது அதிவேகமாகச் செல்வதுபோல் தெரியும். நாசா அமைத்த வல்லுநர் குழு 2023இல் வெளியிட்ட அறிக்கை, திரையில் தெரியும் எண்களை வைத்தே கணக்கிட்டது. பொருள் கடலை ஒட்டி இல்லை, ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில் இருந்தது. அதன் வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் அளவுதான். வேகம்போல் தெரிந்தது, படம் எடுத்த விமானத்தின் வேகத்தால் விளைந்த இடமாறு தோற்றம். பேருந்து சன்னலில் பக்கத்துப் பனைமரம் பின்னோக்கி ஓட, தூரத்து மலை கூடவே வருவதை மாணவர்கள் தினமும் பார்க்கிறார்கள்.

நம் நாட்டிலும் ஒரு நிகழ்வு உண்டு. 2012-13இல் லடாக் எல்லையில் வானில் தெரிந்த ஒளிகளை வேற்று நாட்டு உளவுக் கருவிகளோ என்று நம் படையினர் ஐயுற்றுக் குறித்துவைத்தனர். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் ஆராய்ந்தபோது அவை வெள்ளியும் வியாழனும் என்று தெரிந்தது. வாணியம்பாடி அருகே காவலூர் வானாய்வகத்தை நடத்துவதும் இதே நிறுவனம்தான். அந்தப் படைவீரர்கள் பொய் சொல்லவில்லை. கண்டதைக் கண்டபடி நேரத்தோடு குறித்தார்கள். அதனால்தான் வானியலாளர்களால் விடை காண முடிந்தது. நேர்மையாகத் தவறக்கூடியவர் என்று விருந்தினரை ஏற்றுக்கொண்டால் கேலிக்கும் தலையாட்டலுக்கும் இடையே ஒரு வழி கிடைத்துவிடுகிறது.

மேடையை அமைப்பவர் யார்?

கேள்வி கேட்பதோடு நெறியாளரின் பொறுப்பு முடிவதில்லை. 1973 ஆகஸ்டில் அமெரிக்காவின் புகழ்பெற்ற இரவு நிகழ்ச்சிக்கு, மனவலிமையால் கரண்டியை வளைப்பதாகச் சொன்ன யூரி கெல்லர் வந்தார். நெறியாளர் ஜானி கார்சன் இளமையில் மந்திர வித்தை செய்து பழகியவர். அவருடைய குழுவினர் ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரரிடம் முன்கூட்டியே ஆலோசனை கேட்டார்கள். அதன்படி பொருள்களை நிகழ்ச்சிக் குழுவே வைத்தது; கெல்லரோ அவருடைய ஆள்களோ நிகழ்ச்சிக்கு முன் அவற்றைத் தொட வழியில்லை. இருபது நிமிடத்துக்கு மேல் கெல்லர் முயன்றும் எதுவும் நடக்கவில்லை. கார்சன் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. பணிவாகக் காத்திருந்தார்.

இதன் மறுபாதியையும் மாணவர்களுக்குச் சொல்லவேண்டும். அந்த நிகழ்ச்சிக்குப் பின்னும் கெல்லரின் புகழ் குறையவில்லை. நடக்காமல் போனதால்தான் இது வித்தையன்று, உண்மை என்று நம்பியவர்களும் இருந்தார்கள். ஒரு நல்ல பேட்டியால் எல்லாரையும் மாற்றிவிட முடியாது. ஆனால் சரிபார்த்துக்கொள்ள விரும்பும் பார்வையாளருக்கு அது வழி செய்துகொடுக்கிறது.

இதற்கு நேர்மாறு 1995இல் நடந்தது. வேற்றுக்கிரகவாசியின் உடலை மருத்துவர்கள் அறுத்து ஆய்வதாக ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று ஒளிபரப்பியது. "உண்மையா, புனைவா?" என்ற கேள்விக்குறியைத் தலைப்பிலேயே வைத்திருந்தார்கள். படத்தை வெளியிட்ட ரே சாண்டிலி, அது மீண்டும் உருவாக்கி எடுத்தது என்று 2006இல் ஒப்புக்கொண்டார். தலைப்பில் கேள்விக்குறி போட்டுவிட்டால் கேள்வி கேட்டதாக ஆகாது. "நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று சொல்லும் நெறியாளர், முடிவு செய்யத் தேவையானதைப் பார்ப்பவருக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

கேள்வியின் சொல் நினைவைத் தொடும்

1974இல் எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர் ஆகியோர் செய்த உளவியல் ஆய்வு ஆசிரியர்கள் அனைவரும் அறிந்திருக்க வேண்டிய ஒன்று. 150 மாணவர்களுக்குக் கார் விபத்துக் காட்சி ஒன்றைக் காட்டினார்கள். ஒரு பிரிவினரிடம் கார்கள் "மோதியபோது" என்ன வேகத்தில் சென்றன என்று கேட்டார்கள்; இன்னொரு பிரிவினரிடம் "நொறுங்க மோதியபோது" என்ற பொருள்தரும் கடுமையான சொல்லைப் பயன்படுத்தினார்கள்; மூன்றாம் பிரிவிடம் வேகத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று எல்லாரிடமும் கேட்டபோது, கடுமையான சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்ததாகச் சொன்னார்கள். சாதாரணச் சொல்லைக் கேட்ட 50 பேரில் அப்படிச் சொன்னவர்கள் 7 பேர். வேகம் பற்றிக் கேட்கப்படாத 50 பேரில் 6 பேர். காட்சியில் உடைந்த கண்ணாடியே இல்லை.

வகுப்பில் இதை எளிமையாகச் செய்யலாம். ஒரு சந்தைப் படத்தை ஒரு நிமிடம் காட்டி எடுத்துவிடுங்கள். பாதிப் பேருக்கு "படத்தில் என்ன வாகனங்கள் இருந்தன?" என்றும், மீதிப் பேருக்கு "அந்தச் சிவப்பு ஆட்டோ எந்தப் பக்கம் நின்றது?" என்றும் தாளில் கேளுங்கள். படத்தில் ஆட்டோவே இருக்கக் கூடாது. விடைத்தாள்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு முன் எந்த விளக்கமும் தரவேண்டாம்.

குழந்தைகளிடம் கேட்கும்போது

பறக்கும் தட்டு வரலாற்றில் ஒரு பள்ளிக்கூடமும் உண்டு. 1994 செப்டம்பர் 16 அன்று ஜிம்பாப்வேயின் ருவா என்ற ஊரில் ஏரியல் பள்ளியில், காலை இடைவேளையில் ஆசிரியர்கள் கூட்டத்தில் இருந்தபோது, வெளியே விளையாடிய 6 முதல் 12 வயது வரையான 62 பிள்ளைகள் விந்தையான ஒன்றைக் கண்டதாகக் கூறினார்கள். வானத்திலிருந்து இறங்கிய பொருள், கறுப்பு உடையில் உருவங்கள், பெரிய கண்கள். இரண்டு நாள்களுக்கு முன்தான் ரஷ்ய ராக்கெட்டின் பகுதி ஒன்று வளிமண்டலத்தில் எரிந்து வீழ்ந்து, தென்னாப்பிரிக்கப் பகுதி முழுவதும் அது பேச்சாகியிருந்தது. சில நாள்களில் பறக்கும் தட்டு ஆய்வாளர் ஒருவர் வந்து பிள்ளைகளிடம் பேசினார். பிள்ளைகளைச் சிறு குழுக்களாக வைத்து, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்கும்படி பேட்டி கண்டார் என்பது பின்னர் எழுந்த முக்கியமான குறை. வளர்ந்தபின்னும் அவர்களில் பலர் கண்டது உண்மை என்றே உறுதியாகச் சொல்கிறார்கள். முதல் கேள்வியைத் தனித்தனியே, சொற்களைச் சேர்க்காமல் கேட்டிருந்தால் இன்று நமக்கு இன்னும் தெளிவான பதிவு இருந்திருக்கும்.

ஆசிரியர்களாகிய நமக்கு இதில் பறக்கும் தட்டைவிடப் பெரிய செய்தி இருக்கிறது. நம்ப முடியாத ஒன்றைக் குழந்தை முதலில் சொல்ல வருவது பெரும்பாலும் நம்மிடம்தான். சிரித்தால் அக்குழந்தை மறுபடி வராது. "அவன் உன்னை அடிச்சானா? இங்கேயா? அங்கேயா?" என்று நாமே சொற்களை அடுக்கினால் குழந்தையின் சொல் நம் சொல்லாகிவிடும். "என்ன நடந்ததுன்னு சொல்லு", "அப்புறம்?" என்ற இரண்டும் போதும். அதை வகுப்பின் நடுவில் கேட்கக் கூடாது.

குழந்தை சொல்வது தன்மீது நடந்த பாலியல் துன்புறுத்தல் பற்றியதாக இருந்தால், அங்கே நாம் நெறியாளரும் அல்லர், விசாரணை அதிகாரியும் அல்லர். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. குழந்தை சொன்னதைக் குழந்தையின் சொற்களிலேயே குறித்துக்கொண்டு, உடனே காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி இது நம் கடமை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம். குழந்தையின் பெயர் வெளியே போகக் கூடாது.

எங்க பாட்டியையும் இப்படிக் கேக்கலாமா?

மூன்றாம் பாடவேளையின் முடிவில் ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எங்க பாட்டிக்கு சாமி வரும். அவங்களையும் இப்படிக் கேக்கலாமா?" என்றாள். வகுப்பு அமைதியானது. இந்தப் பாடத்தை எடுக்கும் எவருக்கும் இக்கேள்வி வரும். ஆயத்தமாகச் செல்வது நல்லது.

நான் அவளிடமே திருப்பிக் கேட்டேன். பாட்டி யாரையாவது நம்பச் சொல்கிறாரா? மேடையேறி ஊருக்கெல்லாம் அறிவிக்கிறாரா? "இல்ல டீச்சர்." அப்படியானால் பாட்டியிடம் உட்கார்ந்து, அப்போது எப்படி இருக்கும், முதல் தடவை எப்போது என்று கேள். அவரைத் தெரிந்துகொள்வதற்குக் கேள். சரிபார்ப்பதற்கான கேள்விகள், தம் கூற்றைப் பல்லாயிரம் பேர் ஏற்கவேண்டும் என்று பொதுமேடைக்கு வருபவருக்கு உரியவை.

அவள் விடவில்லை. "டீச்சர், போன மாசம் தம்பிக்குக் காய்ச்சல். ஊசி வேண்டாம், திருநீறு போதும்னாங்க." மற்றொரு மாணவன் முந்திக்கொண்டான்: "அப்போ கேக்கணும் டீச்சர். தம்பிக்காக." எப்படிக் கேட்பது என்று வகுப்பு பத்து நிமிடம் பேசியது. "திருநீறு பூசுங்க பாட்டி, ஆஸ்பத்திரிக்கும் போயிட்டு வந்துடலாமா?" என்பதில் வந்து நின்றார்கள். பாட்டியின் மனமும் நோகாமல் தம்பிக்கு மருத்துவமும் கிடைக்கிற கேள்வி அது. ஒருவர் சொல்வதை ஏற்றால் அடுத்தவருக்குத் தீங்கு வருமா என்று பார்த்துத்தான் கேள்வியின் கடுமையைத் தீர்மானிக்க வேண்டும் என்பதை அவர்களே வேறு சொற்களில் சொல்லிவிட்டார்கள். அறிவுடைமை அதிகாரத்தின் மூன்றாம் குறளை மறுநாள் நடத்தியபோது பொருள் விளக்கத்துக்கு எனக்கு அதிக வேலை இருக்கவில்லை.

வகுப்பறைத் திட்டம்

முதல் பாடவேளை: சொல்லின் கதை, இரண்டு நெறியாளர் நடிப்பு, நோக்கர் குறிப்பு.
இரண்டாம் பாடவேளை (அறிவியல்): இடமாறு தோற்றம், கோள்கள், "அடையாளம் தெரியவில்லை" என்பதன் பொருள்.
மூன்றாம் பாடவேளை: மூன்று வகை விருந்தினர், படம் காட்டும் செயல்பாடு, கலந்துரையாடல்.
நான்காம் பாடவேளை (கணக்கு): வேகம், சதவீதம். அதன்பின் நால்வர் குழுக்களாக எட்டு நிமிடப் பேட்டி. இதில் விருந்தினருக்குக் கற்பனைப் பெயரே வைக்கவேண்டும். உயிரோடிருப்பவரை நடித்துக் காட்ட வேண்டாம்.

மதிப்பீட்டுக்கு நான் பயன்படுத்திய ஐந்து குறிப்புகள்:
1. விருந்தினர் சொல்லாத சொல்லை நெறியாளர் சேர்த்தாரா?
2. முந்தைய பதிலிலிருந்து பிறந்த கேள்விகள் எத்தனை?
3. கண்டது, கேட்டது, கருதியது மூன்றும் பார்வையாளருக்குத் தனித்தனியே விளங்கினவா?
4. மாற்றுச் சான்றை விருந்தினர் முன் வைத்து, பதில் சொல்ல இடம் தரப்பட்டதா?
5. பேட்டி முடிந்து எழும்போது விருந்தினரின் மதிப்பு குறையாமல் இருந்ததா?

ஐந்துக்கும் சம மதிப்பெண். "விருந்தினரை மடக்கிவிட்டேன்" என்பதற்கு மதிப்பெண் இல்லை என்று முன்பே அறிவித்துவிடுங்கள். இல்லையெனில் பேட்டி பட்டிமன்றமாகிவிடும்.

தொடக்க வகுப்புகளில் பறக்கும் தட்டு தேவையில்லை. துணிப்பையில் ஒரு பொருளை வைத்து, ஒரு குழந்தை மட்டும் கைவிட்டுத் தடவிப் பார்க்கட்டும். மற்றவர்கள் கேள்வி கேட்டு அறியவேண்டும். "சொரசொரன்னு இருக்கு" என்றால் அது தொட்டது. "பாகற்காய்" என்றால் அது நினைத்தது. மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் இந்த வேறுபாட்டை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறார்கள் என்று எங்கள் பள்ளியின் தொடக்கநிலை ஆசிரியை கூறுகிறார். பைக்குள் வைக்கும் பொருளை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்றவேண்டும். ஒருமுறை சொல்லிவிட்டால் இடைவேளைக்குள் பள்ளி முழுவதும் தெரிந்துவிடும்.